உங்களுக்குத் தெரியுமா? வங்க மணப்பெண்ணின் கையில் தூத்துக்குடிச் சங்கு!

வங்காள இந்துக்களிடம் தாலி கட்டும் வழக்கம் இல்லை. கல்யாணமானவள் என்பதைச் சொல்வது வகிட்டுக் குங்குமமும் கை வளையல்களும்தான். வெள்ளைச் சங்கு வளையல் சாங்கா. சிவப்பு வளையல் போலா. இரும்புக் காப்பு நோவா. கணவன் இறந்ததும் சாங்காவை உடைத்துவிடுவது பழைய வழக்கம். நம் ஊரில் தாலி அறுப்பதைப் போலவே கொடுமையான சடங்கு அது.

அந்தச் சங்கு எங்கிருந்து போயிற்று? பெரும்பாலும் நம் கடலிலிருந்துதான். மன்னார் வளைகுடாவில், மூச்சை அடக்கி மூழ்கிய தூத்துக்குடிப் பக்கத்து மீனவர்கள் அள்ளிவந்த சங்குகள் மூட்டை மூட்டையாகக் கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் கப்பலேறின. இலங்கையின் வட கடலிலிருந்தும் போயின. டாக்காவின் சாங்காரி பஜாரில் ஒரு தெரு முழுக்கச் சங்கறுக்கும் குடும்பங்கள் இருந்தன. தரையில் உட்கார்ந்து, பிறை வடிவில் வாய் வளைந்த கனத்த ரம்பத்தை இரு கையாலும் அசைத்து, கல் போன்ற சங்கை வளையம் வளையமாக அறுத்தார்கள். ஒரு சங்கில் சில வளையல்களே தேறும். அந்த உழைப்புக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியாவின் சங்குத் தொழில் பற்றி 1914இல் தனி நூலே எழுதினார். பழைய கொற்கையிலும் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஆக, சங்கறுக்கும் தொழில் ஒருகாலத்தில் நம்மிடமும் இருந்தது.

மேற்கு வங்கத்தின் விஷ்ணுபூருக்குப் போனால் கோயில்களோடு திரும்பிவிடாதீர்கள். சங்கு செதுக்கும் பட்டறைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.