கத்திரி வெயிலில் பைக்: ஈர வெஸ்ட் எப்படிக் குளிர்விக்கிறது?

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் தியாகதுருகத்தைக் கடக்கும் பைக் ஓட்டுகிறவர்களில் பலர் வெயில் ஏறியதும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொள்வார்கள். தை, மாசியில் அது சுகம். கத்திரி வெயிலிலோ அது உடம்புக்குக் கேடு.

காரணம் இதுதான். வெயிலில் நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். அதைவிடக் குளிர்ந்த காற்று பட்டால் உடல் சூடு வெளியேறும். 40 டிகிரிக் காற்றோ சூட்டை உள்ளே ஏற்றும்; வண்டி வேகமெடுத்தால் இன்னும் ஏற்றும். அப்போது வியர்வை ஒன்றுதான் உடலைக் காக்கிறது. சுரந்ததும் அது காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் இழந்தோம் என்பதும் தெரியாது.

வியர்வையின் இந்த வேலையில் ஒரு பகுதியைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது கூலிங் வெஸ்ட் என்னும் கையில்லாத அங்கி. இரண்டு துணி அடுக்குகளுக்கு நடுவே நீரைப் பிடித்துவைக்கும் பாலிமர் இருக்கும். சில நிமிடம் ஊறவைத்து, லேசாகப் பிழிந்து போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. அதில் ஒரு பங்கை உடலிலிருந்தும் மீதியைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

ஆனால் ஈர வெஸ்ட்டை வெறுமனே போட்டுக்கொண்டு 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சீக்கிரமே காய்ந்துவிடும். மேலே ஒரு ஜாக்கெட் வேண்டும். ஜாக்கெட்டுக்குப் பதில் தோலாலான வெஸ்ட் போடுகிறவர்கள் ஈர வெஸ்ட்டை அதற்குள் அணிந்து, கழுத்தருகே ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி, பக்கவாட்டு நாடாவைத் தளர்த்தலாம். உள்ளே மெல்லிய காற்றோட்டம் இருந்தால் ஈரம் நெடுநேரம் நிற்கும்.

கடலோரக் கடலூரில் இதே வெஸ்ட் இவ்வளவு குளிர்விக்காது. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருப்பதால் நீர் மெதுவாகத்தான் ஆவியாகும். அங்கே ஐஸ் பொதி வைத்த வெஸ்ட் உதவும். அதுவும் ஐஸ் உருகித் தீரும்வரைதான். இன்னொரு வகையும் உண்டு: அப்போலோ விண்வெளி வீரர்களின் உள்ளாடையில் மெல்லிய குழாய்கள் வழியே குளிர்நீர் ஓடியது. 2025 அக்டோபரில் சிங்கப்பூர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வெப்ப அபாயம் அறிவிக்கப்பட்டபோது ஓட்டுநர்கள் சிலர் அணிந்த வெஸ்ட்டும் அந்த வகைதான்.

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறுகிறவர்களுக்குக் கணக்கு மாறும். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். வெள்ளிமலைப் பக்கம் போகும்போது ஈர வெஸ்ட்டைக் கழற்றிவிடலாம்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்தது. அந்த வெப்பத்தில் நாள் முழுக்க பைக்கில் அலைகிற கூரியர், உணவு விநியோகத் தொழிலாளர்களுக்கு விலையுயர்ந்த வெஸ்ட் கட்டாயமில்லை. தடித்த பருத்திச் சட்டையை நனைத்து ஜாக்கெட்டுக்குள் போட்டு, காயக் காய நனைத்துக்கொண்டாலும் பலன் உண்டு. குடிக்கும் தண்ணீரை மட்டும் குறைக்கக் கூடாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தெரிந்தால் உடனே வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். பேச்சு குழறினால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடலை நனைத்து விசிற வேண்டும்.