சிங்கக் குரல் கீச்சுக் குரல் ஆனது எப்படி?

சிவாஜி கணேசன் வசனம் பேசினால் சிங்கம் கர்ஜிப்பதுபோல இருக்கும் என்பார்கள். அந்தக் குரல் குருவி கத்துவதுபோலக் கேட்டால்?

ரிக்கார்டு பெட்டி இருந்த வீடுகளில் இந்த வேடிக்கை நடந்தது உண்டு.

சிவாஜி கணேசன் 1928-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி விழுப்புரத்தில் பிறந்தவர். அவர் நடித்த "வீரபாண்டிய கட்டபொம்மன்" 1959-ம் ஆண்டு வெளிவந்தது. அதன் வசனம் இசைத்தட்டாகவும் வந்தது. திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் கட்டபொம்மன் முழங்குவார்!

பழைய இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். பிறகு வந்த பெரிய தட்டு 33⅓ முறை சுற்றும். சிறிய தட்டுக்கு 45 சுற்று. வேகத்தை மாற்றப் பெட்டியில் ஒரு குமிழ் உண்டு. பிள்ளைகள் கை அதில்தான் போகும். பெரிய தட்டு 45-ல் ஓடினால், வசனம் சீக்கிரம் முடியும். குரலும் ஏறிவிடும். 1 கட்டை சுருதியில் பாடியவர், ஏறக்குறைய 4 கட்டையில் பாடுவார்!

ஏன்? குரல் என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதே சுருதி. தட்டு வேகமாகச் சுற்றினால் ஒரு நொடிக்குள் அதிக அதிர்வுகள் வந்து விழுகின்றன. அவ்வளவுதான்.

விழுப்புரம் ரயில்

இப்போது கம்ப்யூட்டரில் வேகத்தை மட்டும் கூட்டலாம். சுருதி ஏறாது. அது எப்படி?

விழுப்புரம் ஜங்ஷனில் 20 பெட்டி கொண்ட ஒரு ரயில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நீளத்தைக் குறைக்க வேண்டும். எல்லாப் பெட்டிகளையும் நசுக்கலாம். (உள்ளே இருப்பவர் பாடு திண்டாட்டம்!) வேகமாகச் சுற்றும் இசைத்தட்டு செய்வது அதுதான்.

இன்னொரு வழி, நாலுக்கு ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டு, மற்றவற்றைச் சேர்த்து மாட்டுவது. ரயில் குட்டையாகும். பெட்டிகள் பழைய பெட்டிகளே. கம்ப்யூட்டர் குரலை மிகச் சிறிய துண்டுகளாக்கி, சிலவற்றை நீக்கி, மீதியை ஓரம் தெரியாமல் ஒட்டுகிறது. "ஆ" என்று இழுத்தால் ஒரே மாதிரி அதிர்வு திரும்பத் திரும்ப வருகிறது. அதில் இரண்டு போனால் காதுக்குத் தெரியாது. அளவு மீறினால் மட்டும் குரல் தகரத்தில் தட்டியதுபோல ஆகும்.

திண்டிவனத்தில் பஸ் ஏறும் மாணவர், 1 மணி நேரப் பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் செல்போனில் கேட்கலாம். 40 நிமிடத்தில் பாடம் முடியும். வாத்தியார் குரல் மாறாது.

அப்பாவின் குரல்

ஆனால் வீட்டில் கிடக்கும் பழைய கேசட்டுக்கு இந்த முறை உதவாது.

டேப் ரிக்கார்டரில் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். இறந்துபோன அப்பாவின் குரல் கட்டைக் குரலாகக் கேட்கும். அதையே செல்போனில் ஏற்றிவிட்டால், அவரைப் பார்த்திராத பேரப்பிள்ளைகள் தாத்தா குரலே அதுதான் என்று நினைத்துவிடுவார்கள்.

இங்கே வேகம், சுருதி இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். "ஆடாசிட்டி" என்ற இலவச மென்பொருளில் அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது. எவ்வளவு மாற்றுவது? அந்தக் கேசட்டில் ரேடியோப் பாட்டு ஒன்று முழுவதும் கேட்டால் கவலை இல்லை. 3 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 18 நொடி ஓடினால், வேகத்தை நூற்றுக்குப் பத்து கூட்ட வேண்டும்.

திருத்துவதற்கு முன், பதிந்ததில் ஒரு பிரதியைத் தொடாமல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கேசட்டையும் தூக்கி எறியக் கூடாது.