பைக்குக் காவல் யார்?

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குற்றாலத்திலேயே அறை எடுத்துத் தங்கிவிடுகிறார்கள். சீசன் நேரத்தில் அங்கே வாடகை என்ன, கூட்டம் என்ன என்று தோழிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் ஆனிக் கடைசியில் நாங்கள் கடையத்தில் என் சித்தி வீட்டில் மூன்று நாள் தங்கினோம். நான், என் வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், 67 வயதாகும் என் மாமியார்.

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் ரோட்டில், மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் கடையம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மேற்கே மலை மறைந்து, மேகம் வயல் வரைக்கும் இறங்கியிருந்தது. சாரல் என்றால் குடை பிடிக்கிற மழை இல்லை. முகத்தில் பன்னீர் தெளித்த மாதிரி வரும், நிற்கும், மறுபடி வரும். என்ன, துவைத்த துணிதான் இரண்டு நாளானாலும் காயாது! ராமநதி அணைப் பக்கம் போனோம். வழியெல்லாம் பெண்கள் தலையில் பாலிதீன் தாளைக் கவிழ்த்துக்கொண்டு நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் ரசிக்கிற சாரலில் அவர்கள் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறார்கள்.

கடையம் என்றதும் எல்லோரும் பாரதியார் இருந்த ஊர் என்பார்கள். உண்மையில் அது செல்லம்மாவின் ஊர். 1890-ல் அங்கே பிறந்தவர். 1897-ல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு ஏழு வயது. புதுச்சேரியில் பத்து வருஷம் இருந்துவிட்டு 1918 நவம்பரில் பாரதியார் கிளம்பினார். வழியிலேயே கைது செய்து கடலூர் சிறையில் வைத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருந்து, டிசம்பரில் விடுதலையாகி வந்து சேர்ந்த இடம் இந்தக் கடையம்தான். 1920 கடைசியில் சென்னைக்குப் போய் சுதேசமித்திரனில் மறுபடி சேரும் வரைக்கும் இங்கேதான் இருப்பு. நாடே போற்றுகிற கவிக்கு ஒதுங்க இடம் கொடுத்தது பெண்டாட்டியின் பிறந்த வீடு. இதை நம் பாடப் புத்தகத்தில் யாரும் அழுத்திச் சொன்ன மாதிரி எனக்கு நினைவில்லை.

ஊருக்கு வெளியே வில்வவனநாதர், நித்யகல்யாணி அம்மன் கோயில். சுற்றிலும் மரமும் பாறையும், பின்னால் மலை. அந்தப் பாறையில் உட்கார்ந்து பாரதியார் பாடிக்கொண்டிருப்பார் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். "அவர் இங்க உக்காந்து பாடிக்கிட்டிருந்தா, வீட்ல அரிசிக்கு அந்தம்மா என்ன பண்ணினாளோ!" என்றார்கள் அத்தை. சித்தி சிரித்துவிட்டார். கணவர் இறந்த பிறகு அவருடைய பாட்டுகளை அச்சில் கொண்டுவர முதலில் முயற்சி எடுத்தவரும் இந்தச் செல்லம்மாதான். கல்யாணம் ஆகி 125 வருஷம் கழித்து, 2022-ல், இருவரும் சேர்ந்து நிற்கிற சிலையைக் கடையத்தில் வைத்திருக்கிறார்கள். அவருக்கு மட்டும் சிலை வைக்காமல் அந்தம்மாவையும் பக்கத்தில் நிறுத்தினார்களே, அதுவே எனக்குச் சந்தோஷம்.

மறுநாள் குற்றாலம். தென்காசியில் பஸ் மாறிப் போனோம். பேரருவி அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நடுவில் பொங்குமாக்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து பொங்கி, வேகம் அடங்கித்தான் கீழே வருகிறது. அதனால்தான் நம்மால் தலை கொடுத்து நிற்க முடிகிறது. பெண்களுக்குத் தனியாக இடம் தடுத்திருக்கிறார்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை உண்டு. நல்லதுதான். ஒரு காலத்தில் அருவித் தண்ணீரை விட எண்ணெய்ப் பிசுக்கே அதிகமாக இருக்கும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் அத்தை வழக்கம்போல ஒரு திட்டில் உட்கார்ந்து, "பைய எங்கிட்ட குடுத்துட்டு நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க" என்றார்கள். கேட்டால், கல்யாணம் ஆனதிலிருந்து ஏழெட்டுத் தடவை குற்றாலம் வந்தும் பேரருவியில் ஒரு தடவைகூட நின்றதில்லையாம். மாமா குளிக்கப் போகும்போது கைப்பிள்ளை, கொழுந்தன்மார் போகும்போது அவர்கள் துணிமணி, கடிகாரம். "ஆள் வேணும்ல, பாத்துக்க" என்றார்கள், அது ஒரு குறையாகவே தெரியாத மாதிரி.

என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் பைகளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "நீ அம்மாவக் கூட்டிட்டுப் போ. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல" என்றார். நானும் என் மகளும் அத்தையை ஆளுக்கொரு கையாகப் பிடித்து உள்ளே கூட்டிப் போனோம். முன்பின் தெரியாத ஒரு அம்மா, "பெரியவங்களுக்கு வழி விடுங்க" என்று சத்தம் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தார். முதல் தண்ணீர் முதுகில் விழுந்ததும் அத்தை "அம்மாடி!" என்று அலறினார்கள். பிறகு வெளியே வரச் சொன்னால் வரவில்லை. அரை மணி நேரம் நின்றார்கள். வெளியே வந்தால் இவர் மடியில் இரண்டு பை, தோளில் ஒரு பை, பக்கத்தில் "பஜ்ஜி வாங்கித் தா" என்று நச்சரிக்கிற மகன்!

சாயங்காலம் வரும் வழியில் புரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்துவிட்டோம். நம்மால் சித்தி அடுப்படியிலேயே கிடந்தால் அது என்ன சுற்றுலா?

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பள்ளிப் பையன் உயிர் போனது நினைவிருக்கும். கீழே வெயில் அடித்தாலும் மலை மேலே மழை கொட்டினால் தண்ணீர் சட்டென்று ஏறிவிடும். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் அடித்து வந்தாலே வெளியேறிவிட வேண்டும். போலீஸ்காரர் விசில் ஊதுவதற்காகக் காத்திருக்க வேண்டாம். குளிக்கத் தடை என்று போர்டு வைத்திருந்தால், "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று மல்லுக்கு நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் திருநெல்வேலி - தென்காசி பாதையில் கீழக்கடையம் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். பெண்கள் நைட்டிக்குப் பதில் சுடிதார் கொண்டு போவது நல்லது. அருவி வேகத்தில் நைட்டி நிற்காது. சேலைதான் என்று பிடிவாதமாக இருக்கிற பெரியவர்களுக்கு இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிவிடுங்கள். அத்தைக்கு அப்படித்தான் கட்டினோம்.

- ஒரு வாசகி, விருதுநகர்