அரிய முத்திரை எது?

பழைய தபால் முத்திரைத் தொகுதியொன்றைக் கையிலெடுத்துக்கொண்டு, "இதற்கு என்ன விலை பெறும்?" என வினாவி வருவோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அண்மையில் மண்டூர்க் குடும்பமொன்று, காலஞ்சென்ற தந்தையாரின் தகரப் பெட்டியைக் குருமண்வெளித் துறைவழியே வாவியைக் கடந்து எம்மிடம் கொண்டுவந்தது. மகளின் மேற்படிப்புச் செலவுக்கு அது உதவும் என்பது தாயாரின் நம்பிக்கை. பெட்டியினுள்ளே அல்பம் ஒன்றும், நூலாற் கட்டிய பழைய கடிதக் கட்டு ஒன்றும் இருந்தன. அல்பத்தின் முதற் பக்கத்தில் விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த நாலு பென்ஸ் முத்திரை, நிறம் ரோசா, விளிம்பிற் பற்கள் இல்லை.

முத்திரை சேர்ப்போர் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவர். இலங்கையின் முதல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆந் திகதி வெளியான ஆறு பென்ஸ் முத்திரையாகும். ஆயினும் தொகுப்பாளர் பெரிதும் அவாவுவது அதையன்று. 1859இல் வெளிவந்த, 'மங்கல் ரோசா' எனப் பெயர்பெற்ற நாலு பென்ஸ் முத்திரையையே. நல்ல நிலையிலுள்ள, பயன்படாத பிரதியொன்றுக்கு விலைப்பட்டியல்கள் பல்லாயிரம் பவுண் குறிக்கின்றன. அதன் சித்திரம் எட்டு மூலைகள் கொண்டது. அக்காலத்தார் பலர் அழகு கருதிப் போலும், கத்தரிக்கோலால் அவ்வெட்டு மூலைகளையொட்டியே வெட்டிவிட்டனர். அவ்வாறு வெட்டுண்டவற்றின் பெறுமதி மிகக் குறைவு. எனவே நான்கு பக்கமும் நல்ல ஓரம் விட்டு எஞ்சியவை, முன்னமே சிலவாயிருந்தவற்றுள் மேலுஞ் சிலவாயின.

இங்கே ஒரு வஞ்சனையும் உண்டு. 1861 முதல் இலங்கை முத்திரைகள் பற்களுடன் வரலாயின. அவற்றின் பற்களைக் கத்தரித்துவிட்டாற் பழையது போலத் தோன்றும். இதைக் கண்டுபிடித்தல் பெரிய வித்தையன்று. பற்களைக் கத்தரித்த முத்திரைக்கு ஓரம் குறுகியிருக்கும். உண்மையாகவே பற்களின்றிப் பிறந்ததற்கு ஓரம் தாராளமாயிருத்தல் வேண்டும். அடுத்து, தாளின் நீர்க்குறியைப் பார்த்தல் வேண்டும். ஆரம்ப முத்திரைகளின் தாளில் நட்சத்திரக் குறி உண்டு. 1863 முதலாக வந்தவற்றில் முடியும் 'சீ சீ' என்னும் இரண்டெழுத்தும் காணப்படும். நாம் அம்முத்திரையை வெளிச்சத்துக்கெதிரே பிடித்தோம். முடி தெளிவாகத் தெரிந்தது. தாயார் எம் முகத்தைப் பார்த்தே விடயத்தை உணர்ந்துகொண்டார். கத்தரித்தவர் அத்தந்தையார் அல்லர் என்பதே எமது துணிபு. அவரும் யாரிடமோ ஏமாந்து வாங்கியிருத்தல் வேண்டும்.

"நூறு வருடத்துக்கு மேற்பட்டதல்லவா? அதற்காவது விலையில்லையா?" என மகள் கேட்டாள். பலரும் தடுமாறும் இடம் இதுவே. பழமை வேறு, அருமை வேறு. உலகின் முதல் முத்திரையாகிய 1840ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கறுப்புப் பென்னி 6 கோடி 80 இலட்சத்துக்கு மேல் அச்சிடப்பட்டது. இன்றும் காசு கொடுத்தாற் கிடைக்கும். பிரித்தானிய கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சதச் சிவப்பு முத்திரையோ உலகில் ஒன்றே உள்ளது; 2021இல் அது 83 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

அருமை மாத்திரம் விலையாகிவிடாது என்பதற்கு அமெரிக்கரின் பேஸ்போல் சீட்டுகள் நல்ல சான்று. சிகரட் பெட்டிகளில் வைத்து 1909 முதல் 1911 வரை வழங்கப்பட்ட ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் சீட்டு அச்சானதே கொஞ்சம். இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ அறுபது என்பர். மிக்கி மான்டிலின் 1952ஆம் ஆண்டுச் சீட்டு அவ்வளவு அரியதன்று. ஆயினும் மாசுபடாத பிரதியொன்று 2022இல் 1 கோடி 26 இலட்சம் டொலர் பெற்றது. அங்கே அரியதாயிருந்தது சீட்டன்று, அதன் நிலை, விரும்புவோரோ எண்ணிறந்தோர்.

நம் பகுதியில் மற்றொரு மயக்கமும் உண்டு. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி, பின்னர் இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர்க் கடற்கோள், இவற்றோடு என்றும் நீங்காத கறையானும் இராமபாணமும் நம் பெட்டிகளில் எதை விட்டுவைத்தன? "மட்டக்களப்பில் இதைப்போல் வேறொன்றும் இல்லை" என்று ஒருவர் சொன்னால் அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அதே முத்திரை இலண்டனில் நூற்றுக்கணக்கான அல்பங்களிற் பத்திரமாயிருப்பின், இங்கே அழிந்தமையால் அது அரியதாகிவிடாது.

கடித உறைகளின் கதை வேறு. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் சாதாரண முத்திரை எங்கும் மலிந்தது. அதன்மேல் ஒரு சிறிய கிராமத் தபாற்கந்தோரின் குறி, திகதி தெளிவாக விழுந்து, உறையோடு இருக்குமாயின் அத்தகையது பெரும்பாலும் இங்குதான் இருந்தது, இங்கேயே அழிந்தது. நாமே விடுதி மாணவராயிருந்த காலத்தில், வீட்டுக் கடிதங்களின் முத்திரைகளை வெட்டி, பீங்கான் கோப்பைத் தண்ணீரில் ஊறவைத்து, உறைகளை அடுப்பிலிட்டோம். அவற்றுள் எத்தனை ஊர்க் குறிகள் எரிந்தனவோ!

ஆகவே அக்கடிதக் கட்டை அவிழ்க்கும்போது எம் கை சற்று நடுங்கியது. முப்பதுக்கு மேற்பட்ட உறைகள். சிலவற்றில் மண்டூர்க் குறி தெளிவாகவே இருந்தது. பெருந்தொகை பெறும் என நாம் கூறவில்லை. இத்தகையவற்றை நாடுவோர் சிலரே. முத்திரைகளைப் பிரிக்கவேண்டாம், ஈரம் படாமல் வையுங்கள் என்று மட்டுஞ் சொன்னோம். விலைப்பட்டியலிற் காணும் தொகை வியாபாரி விற்கும் விலையே அன்றி வாங்கும் விலையன்று என்பதையும் எடுத்துரைத்தோம்.

அல்பத்தை ஒருவர் வாங்கிக்கொண்டார். வந்த பணம் ஒரு தவணை விடுதிச் செலவுக்குப் போதியதாயிற்று. கடிதங்களுக்கும் அவர் விலை பேசினார். தாயார் மேலேயிருந்த உறையைத் திருப்பி, கணவரின் கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கட்டை மீண்டும் நூலாற் கட்டி எடுத்துக்கொண்டு துறைக்குப் புறப்பட்டார்.