ஒரே இடத்தில் இரு வண்ணம்

பிளாஸ்டிக் பொம்மைக் காருக்கு இரு வண்ணம் பூசுவதாயின் என்ன செய்வீர்கள்? கூரைக்கு ஒன்று, உடலுக்கு மற்றொன்று எனப் பிரித்துப் பூசுவீர்கள். சிவப்பையும் பச்சையையும் கலந்து பூசினால் இரண்டும் மறைந்து, மங்கிய பழுப்பே மிஞ்சும். ஏனெனில், ஒரு சாயம் திருப்பி அனுப்பும் ஒளியை மற்றது விழுங்கிவிடுகிறது.

ஆனால் ஆரணிப் பட்டில், ஒரே இடம் இரு வண்ணம் காட்டுவதுண்டு. மயில்கழுத்துச் சேலையை அசைத்தால் நீலம் பச்சையாகிறது. கடையில் கண்ட நிறம் வீட்டில் மாறித் தெரிகிறதே, சாயம் போய்விட்டதோ என்று அம்மா கவலைப்பட்டால் நீங்களே விளக்கலாம்.

நெசவாளர் சாயங்களைக் கலப்பதில்லை. நீளவாக்கில் செல்லும் பாவு நூலுக்கு ஒரு நிறம், குறுக்கே செல்லும் ஊடை நூலுக்கு வேறு நிறம். நெய்வதற்கு முன்பே சாயமேற்றிவிடுகிறார்கள். வழவழப்பான பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய உருளை போன்றது. ஒளி வரும் திசைக்குக் குறுக்காகக் கிடக்கும் நூலின் வளைபரப்பில், ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் பகுதி ஏதேனும் ஒன்று இருக்கும். அந்த நூல் பளிச்சிடும். நூலுக்குள் புகுந்து மீளும் ஒளி அதன் நிறத்தையும் ஏந்தி வரும். ஒளியின் திசையிலேயே நீண்டு கிடக்கும் நூலுக்கு இந்த வாய்ப்புக் குறைவு.

சோதித்துப் பாருங்கள். சேலையை மேசைமேல் விரித்து, ஒற்றை விளக்கை முதுகுப்புறம் வைத்துச் சாய்வாக நோக்குங்கள். பிறகு துணியை 90 பாகை திருப்புங்கள். மங்கியிருந்த நிறம் மேலோங்கும். ஒளிர்ந்த நிறம் அடங்கும். சேலையின் மடிப்புகள் இதையே இடந்தோறும் செய்கின்றன.

பருத்தித் துணியில் இவ்விளைவு குறைவு. ஏன்? நூலின் மேற்பரப்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள், விடை கிடைக்கும்.