கட்டபொம்மன் வசனமும் கண்ணாடி விளையாட்டும்

சிகாகோ என்றால் நம்மூரில் முதலில் விவேகானந்தர், அடுத்தது குளிர். நான் இங்கே வேலைக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. ஊரிலிருந்து பேசுகிறவர்கள் இன்னமும் இந்த இரண்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நாடகம் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் நாடகம் என்றால் நியூயார்க், பிராட்வே என்று முடித்துக்கொள்கிறோம். பிராட்வே பெரிய வியாபாரம், சரி. ஆனால் ஆபீஸ் முடிந்து வருகிற ஒரு சாதாரண ஆள் தானும் ஒரு நாடக வகுப்பில் சேர்ந்து, சில மாதத்தில் நாற்பது ஐம்பது பேர் முன்னால் நின்று நடிக்க வேண்டும் என்றால் அதற்குத் தோதான ஊர் சிகாகோதான்.

இங்கே பல தியேட்டர்கள் நிஜமாகவே பழைய கடைகள். காலியாகக் கிடந்த கடையை வாடகைக்கு எடுத்து, சுவருக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, நாற்காலி போட்டால் தியேட்டர் ரெடி. ஸ்டோர்ஃப்ரண்ட் தியேட்டர் என்பார்கள். முன்வரிசையில் காலை நீட்டி உட்கார முடியாது, நடிகர் தடுக்கி விழுவார். இன்று உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவே 1970களில் ஹைலண்ட் பார்க் என்ற புறநகரில், ஒரு சர்ச் பள்ளியின் பேஸ்மென்ட்டில், 88 இருக்கைகளோடு வளர்ந்ததுதான். ‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்தில் லெப்டினன்ட் டானாக வருவாரே கேரி சினிஸ், அவர் அதன் நிறுவனர்களில் ஒருவர்.

நியோ ஃப்யூச்சரிஸ்ட்ஸ் என்று இன்னொரு குழு. அறுபது நிமிடத்தில் முப்பது குட்டி நாடகம் போடுவது அவர்களது பாணி. துணி காயப்போடுகிற மாதிரி ஒரு கொடியில் ஒன்று முதல் முப்பது வரை எண் எழுதிய தாள்கள் தொங்கும். ஜனங்கள் எந்த எண்ணைக் கத்துகிறார்களோ அந்த நாடகம் அடுத்து வரும். டிக்கெட் விலையைத் தாயக்கட்டை உருட்டி முடிவு செய்த காலமும் உண்டு. நம்ம ஆட்கள் பார்த்தால் ரொம்ப ரசிப்பார்கள். ஆனால் நேப்பர்வில், ஷாம்பர்க், அரோரா என்று புறநகரில் குடியிருக்கும் நமக்கு டவுன்டவுன் போவது என்றாலே பார்க்கிங் காசு முதலில் கண்ணில் தெரியும். ஊரிலிருந்து யாராவது சுற்றிப் பார்க்க வந்தால் போவோம், அவ்வளவுதான்.

நான் வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் எல்லாம் இல்லை, ஆபீஸ் மீட்டிங்தான். ஐ.டி.யில் இருக்கும் பலருக்கு இது புரியும். மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் மனசுக்குள் ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டிருப்போம். இலக்கணம் சரிபார்த்து, உச்சரிப்பு சரிபார்த்து, வாயைத் திறக்கும்போது பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். இதற்கு மருந்து ‘இம்ப்ராவ்’ வகுப்பு என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். இம்ப்ராவ் என்றால் எழுதி வைத்த வசனம் இல்லாமல், அந்த நிமிடத்தில் தோன்றுவதை நடிப்பது. வாரம் ஒரு நாள், எட்டு வாரம், கட்டணம் சில நூறு டாலர். பதினான்கு பேர் இருந்தோம். ஒரு நர்ஸ், இரண்டு வக்கீல், ஒரு ரிட்டயர்டு தபால்காரர், மீதி பாதிப்பேர் கம்ப்யூட்டர்காரர்கள்.

பேசச் சொல்லித் தருவார்கள் என்றுதான் எல்லோரும் வந்திருந்தோம். முதல் இரண்டு வாரம் பேச்சே இல்லை. கண்ணாடி விளையாட்டு என்று ஒன்று. இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் கையைத் தூக்கினால் மற்றவர் கண்ணாடிப் பிம்பம் மாதிரி அதே நேரத்தில் தூக்க வேண்டும். சிறிது நேரத்தில் இடம் மாற வேண்டும். அப்புறம் வாத்தியார், ‘இனி யாரும் முன்னால் போகாதீர்கள், இரண்டு பேரும் பின்பற்றுங்கள்’ என்பார். அப்போதுதான் வேடிக்கை. யார் தொடங்கினார் என்றே தெரியாமல் இரண்டு பேர் உடம்பும் அசைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் மனசுக்குள் வாக்கியம் கட்ட முடியாது. எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் ஒரு நொடிகூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

இன்னொரு விளையாட்டு, அர்த்தமில்லாத பாஷையில் பேசுவது. இங்கிலீஷும் கூடாது, தெரிந்த எந்த மொழியும் கூடாது. ஒருவர் அந்தப் புரியாத பாஷையில் உளற, பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள்தான் அதிகம் திணறினார்கள். என் வாயிலிருந்து வந்தது சொல்லில்லாத உளறல்தான், ஆனால் ராகம் சுத்தமான திருநெல்வேலி. சந்தையில் பேரம் பேசும் ராகம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான். இந்த நாட்டுக்கு வந்தபிறகு என் உச்சரிப்பு எனக்கே பிடித்துப்போன முதல் நாள் அது.

இந்த விளையாட்டுகளை உருவாக்கியவர் யார் என்று தேடிப் படித்தேன். வயோலா ஸ்போலின். 1906ல் இதே சிகாகோவில், ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹல் ஹவுஸ் என்ற நிலையத்தில் நீவா பாய்ட் என்ற சமூகப் பணியாளரிடம் குழந்தைகளின் விளையாட்டுகளைப் படித்தார். 1939ல் அரசின் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றில் நாடகப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். அங்கே வந்தவர்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நிறைய. வீட்டில் ஒரு மொழி, தெருவில் இன்னொரு மொழி. அவர்களிடம் ஸ்கிரிப்ட்டைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் வேலைக்கு ஆகாது. மொழியையும் கலாசாரத்தையும் தாண்டி யாருக்கும் பிடிபடுகிற ஒரு வழி வேண்டும் என்றுதான் ஸ்போலின் விளையாட்டுக்குப் போனார். அவர் மகன் பால் சில்ஸ் அந்த விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு 1955ல் காம்பஸ் ப்ளேயர்ஸ், 1959ல் செகண்ட் சிட்டி என்ற குழுக்களை நண்பர்களோடு தொடங்கினார். இன்று அமெரிக்கா சிரிக்கும் சிரிப்பில் பெரும்பங்கு செகண்ட் சிட்டியில் பழகியவர்களுடையது. ஸ்போலின் எழுதிய பயிற்சிப் புத்தகம் 1963ல் வந்தது, இன்னமும் விற்கிறது.

அதாவது, நகைச்சுவை நடிகர்களுக்கு என்று நாம் நினைக்கிற இந்த வகுப்பின் வேர், நம்மைப் போல வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளிடம் இருக்கிறது.

ஹல் ஹவுஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889ல் ஹால்ஸ்டெட் தெருவில் தொடங்கியது. சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், யூதர் என்று புதிதாய் வந்த கூலிக்காரக் குடும்பங்கள். 1903ல் அந்த வட்டாரத்துக் கிரேக்கர்கள் சேர்ந்து சோபோக்ளிஸின் ‘ஏஜாக்ஸ்’ நாடகத்தைக் கிரேக்க மொழியிலேயே அங்கே போட்டார்கள். பகலில் சிகாகோவின் கண்ணுக்கு வெறும் உழைப்பாளிகள். மாலையில் மேடை ஏறி ‘நாங்கள் யார் தெரியுமா’ என்று காட்டினார்கள். நம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாக்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்ச்சி நன்றாகவே புரியும். ஹல் ஹவுஸின் பெரும்பகுதியை 1960களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடித்துவிட்டார்கள். மிஞ்சிய இரண்டு கட்டடத்தில் மியூசியம் இருக்கிறது. டெவன் தெருவுக்கு சேலை எடுக்க வரும்போது ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.

ஆக, குடியேறியவர்களின் நாடகம் இரண்டு விதம். ஒன்று, மற்றவருக்குக் காட்டுவது. இன்னொன்று, தங்களுக்குள் விளையாடுவது. நாம் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை எடுத்துக்கொள்ளவே இல்லை.

எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பையன் கட்டபொம்மன் வசனம் பேசினான். பத்து வயது. மீசை ஒட்டி, வாள் பிடித்து, ஒரு எழுத்து பிசகாமல் முழங்கினான். அரங்கமே எழுந்து கைதட்டியது. வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொடுத்து ஆறு வாரம் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் தண்ணீர் கொடுத்தபோது என்னிடம் கேட்டான்: ‘அங்கிள், வாட் இஸ் கிஸ்தி?’ இன்னும் சில நாடகங்களில் குழந்தைகள் பேசுவதுகூட இல்லை. பெரியவர்கள் குரலை முன்கூட்டியே பதிவு செய்து ஓடவிட, பிள்ளைகள் வாயசைப்பார்கள். மைக் சொதப்பாமல் இருக்க வேண்டும் என்பது காரணம். காரணம் நியாயம்தான், ஆனால் மேடையில் ஒரு குழந்தையும் தமிழ் பேசவில்லை.

போன குளிர்காலத்தில் மூன்று பெற்றோர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் நாற்பது நிமிடம் இந்த விளையாட்டுகளை நடத்திப் பார்த்தோம். ஸ்கிரிப்ட் கிடையாது, விழா கிடையாது, பார்க்கப் பெற்றோருக்கு அனுமதியும் கிடையாது. ‘இங்கிலீஷ் பேசாதே’ என்று சொல்லவில்லை. அதை எல்லா வீட்டிலும் தினமும் சொல்லித்தான் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். புரியாத பாஷை விளையாட்டில் ஒரே ஒரு விதிதான்: உளறுகிறவர் எப்படியும் உளறலாம், மொழிபெயர்ப்பு தமிழில் வர வேண்டும்.

எங்களுக்குத் தெரியாமல் இந்தப் பிள்ளைகள் எவ்வளவு தமிழை உள்ளே வைத்திருக்கிறார்கள்! வீட்டில் எது கேட்டாலும் ‘ஓகே’, ‘ஐ டோன்ட் நோ’ என்று மட்டும் சொல்லும் ஒன்பது வயதுப் பையன், பஸ் காட்சியில் கண்டக்டராக நின்றான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘உள்ள போ, உள்ள போ, படில நிக்காத, சில்லறை குடு’ என்று வெளுத்து வாங்கினான். மதுரைக்கு மூன்று தடவைதான் போயிருக்கிறானாம். ஒரு பெண், தன் ஆச்சி போனில் பேசுவதை அப்படியே செய்தாள், ‘சாப்டியா தாயி’ என்ற இழுப்பு உட்பட. மனப்பாடம் செய்த தமிழ் விழா முடிந்ததும் போய்விடும். இது அவர்களே காதில் வாங்கி வைத்திருந்த தமிழ்.

எதிர்ப்பும் வந்தது. தமிழ் வாத்தியாரம்மா, ‘பேச்சு வழக்கு வந்துடும்ங்க, பரீட்சையில எழுத்துத் தமிழ்தானே கேட்பாங்க’ என்றார். அவர் கவலை உண்மையானது. இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் ஒரு மூன்றாவது மொழி. ஆனால் பேசவே பேசாத பிள்ளையிடம் எந்தத் தமிழைக் கெடுக்கப் போகிறோம்? பெற்றோரின் கேள்வி வேறு: ‘எப்போ ஸ்டேஜ்ல போடுவீங்க? வீடியோ கிடைக்குமா?’ ஊரில் தாத்தா பாட்டிக்கு அனுப்ப வீடியோ வேண்டும், அதுவும் புரிகிறது. ஆண்டு விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் ஹால் வாடகைக்கு நன்கொடை வராது. சினிமா டான்ஸ் ஒத்திகைக்கு ஒதுக்கும் பன்னிரண்டு வாரத்தில் நான்கு வாரம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பொறியாளருக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கமிட்டியில் ஒருவர் கிண்டலாகக் கேட்டார். கிரேஸி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர் சார் என்றேன். பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல். 1891ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியதே படித்து உத்தியோகம் பார்க்கும் ஆட்களும் மேடை ஏறலாம் என்று காட்டத்தான். நம்மூர் சபா நாடகம் ஆபீஸ் விட்டு வந்தவர்களால் வளர்ந்தது. அந்தப் பழக்கத்தை மட்டும் ஏன் விமானத்தில் ஏற்றாமல் விட்டோம் என்று தெரியவில்லை.

செலவும் பெரிதாக இல்லை. ஒரு காலி அறை, ஓரமாக ஒதுக்கிய நாற்காலிகள், ஸ்போலின் புத்தகம் ஒரு பிரதி, அதுவும் பொது நூலகத்தில் கிடைக்கும். நடத்துகிறவர் நடிகராக இருக்க வேண்டியதில்லை; எட்டு வாரம் எங்காவது ஒரு வகுப்பில் தானே விளையாடிப் பார்த்திருந்தால் நல்லது.

கமிட்டி, தீபாவளி விழா முடியட்டும், பேசலாம் என்றிருக்கிறது. அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்று பதினோரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். மூன்று பேர் மட்டும், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இருக்கிறது, சனிக்கிழமை வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள்.