உறையத் தெரிந்த ரோஜா

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் சில ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கு இறங்கிவிடும். நம் வீட்டு ஃப்ரீசர் வெறும் மைனஸ் 18தான். அதில் தண்ணீர் நிரப்பி வைத்த கண்ணாடி பாட்டிலே உடைந்துபோகிறது. அங்கோ, சில ரோஜாச் செடிகள் போர்வைகூட இல்லாமல் வெட்டவெளியில் நின்று, ஜூனில் பூத்துக் குலுங்குகின்றன.

உறையாமல் தப்பிக்கின்றனவா? இல்லை, உறைகின்றன. ஆனால் எங்கே உறைவது என்பதில் கறாராக இருக்கின்றன. முதல் பனித்துகள் செல்லுக்குள் அல்ல, செல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் உருவாகிறது. அது செல்லிலுள்ள நீரை மெல்ல வெளியே உறிஞ்சுகிறது. செல் சுருங்க, உள்ளே மிஞ்சும் சர்க்கரைக் கரைசல் கெட்டிப்பட்டுப் பாகாகிறது. பாகு லேசில் உறையாது. உள்ளேயே பனி உருவானால் சவ்வு கிழிந்து செல் செத்துவிடும்.

இந்த ஆயத்தத்துக்குக் ‘குளிர்ப்பதம்’ என்று பெயர் வைக்கலாம். பகல் குறுகுவதை இலைகள் அறிந்ததும் வளர்ச்சி அடங்கி, தண்டு முற்றத் தொடங்குகிறது. ஆகஸ்டில் அங்குள்ளவர்கள் தழைச்சத்து உரத்தை நிறுத்துவது இதனால்தான்; உரத்தால் கிளம்பும் இளந்தளிர் பதப்படாது.

பூக்கடை ரோஜாவின் சீன மூதாதைகள் ஓயாமல் பூப்பவை, ஓய்வெடுக்கத் தெரியாதவை. ஜப்பான், சைபீரியக் கடலோரத்தின் ‘ருகோசா’ ரோஜாவுக்குக் குளிர் பழக்கம். இரண்டையும் கலந்தால் போதுமே! அங்கேதான் சிக்கல். ருகோசாவுக்குக் குரோமோசோம் 14, தோட்ட ரோஜாவுக்கு 28. பிறக்கும் பிள்ளைக்கு 21. ஜோடி சேராததால் பெரும்பாலும் மலடு.

முடிச்சை அவிழ்த்தது ஒரு தற்செயல். ஜெர்மனியின் வில்ஹெல்ம் கோர்டெஸ், ‘மேக்ஸ் கிராஃப்’ என்ற ருகோசாக் கலப்பினத்தில் அரிதாகக் கிடைத்த விதைகளை முளைக்க வைத்தார். ஒரு நாற்றில் 14 குரோமோசோம்கள் தாமாகவே இரட்டித்து, தோட்ட ரோஜாவைப் போலவே 28 ஆகியிருந்தன!

ஒட்டாவாவின் மத்திய ஆய்வுப் பண்ணையில் 1961இல் ரோஜா ஆய்வைத் தொடங்கிய ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா, கோர்டெஸின் இந்த வகையையும் கலப்புக்கு எடுத்துக்கொண்டார். நாற்றுகளை மூடாமல் குளிருக்கே விட்டு, பிழைத்தவற்றில் தேர்ந்தெடுத்தார். 1978இல் ‘ஜான் கேபட்’, 1983இல் ‘வில்லியம் பாஃபின்’ என்று நாடுகாண் பயணிகளின் பெயரோடு அவை வெளிவந்தன.

எனக்கு அதிகம் பிடித்த சாமர்த்தியம் வேரில் இருக்கிறது. ஒட்டுச்செடியில் மேற்பகுதி கருகினால், கீழிருந்து துளிர்ப்பது வேர்ச்செடியான வேறொரு ரோஜா. ஸ்வெய்டாவின் ரோஜாக்களையோ தண்டு நட்டே பெருக்கலாம். மண்மட்டம்வரை கருகினாலும், கிளம்பிவருவது அதே ஜான் கேபட்.